முக்கோணத்துக்குள் சதுரம்: எந்த வழியில் போடுவது?

மஞ்சக்குப்பத்தில் மாலை நேரக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள். மீதிப் பேர் பாகூர், கன்னியக்கோயில் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, முள்ளோடையில் புதுச்சேரி–தமிழ்நாடு எல்லையைத் தாண்டி வருகிறவர்கள். சென்ற மாதம் ஒரு நாள் கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதினேன். பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு சமபக்க முக்கோணம். அதற்குள் அடிப்பக்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சதுரம். சதுரத்தின் மேல் முனைகள் இரண்டும் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களைத் தொடுகின்றன. சதுரத்தின் பக்கம் எவ்வளவு?

கால் மணி நேரத்தில் நான்கு தாள்கள் மேசைக்கு வந்தன. ஒன்றில் நான்கே வரி. இன்னொன்றில் ஒன்றரைப் பக்கம் நிறைய சமன்பாடுகள். மூன்றாவதில் டேன்ஜெண்ட். நான்காவதில் ‘5 செ.மீ.’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. கேட்டால், “பார்த்தாலே தெரிகிறதே சார்” என்றான். முதல் மூன்று தாள்களிலும் விடை ஒன்றுதான்: 4.64 செ.மீ. பார்த்தாலே தெரிந்த விடைதான் தவறு.

அன்று தொடங்கியது பெற்றோர்களின் கேள்வி. ஒரே கணக்குக்கு இத்தனை வழி இருந்தால் பிள்ளை எதைப் பழகுவது? எல்லாவற்றையும் பழகட்டும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதற்கெல்லாம் பொழுது ஏது? ஆகவே ஒவ்வொரு வழியையும் நிறுத்தி எடைபோட்டுப் பார்த்தேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் முன்னறிவு. இங்கே எல்லைக்கோடு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கடலூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு முக்கோணவியல் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது; நேர்க்கோட்டின் சமன்பாடு பத்தில் வருகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதில் முக்கோணவியல் பத்தில்தான் தொடங்குகிறது. நேர்க்கோட்டின் சமன்பாட்டுக்குப் பதினொன்று வரை காத்திருக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்களில், ஒரே வயதுப் பிள்ளைகளின் கையில் வேறு வேறு கருவிகள்.

இரண்டாவது, எந்தத் தேர்வுக்கு என்பது. பள்ளித் தேர்வில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஐஓக்யூஎம் போன்ற ஒலிம்பியாட் தகுதித் தேர்வில் மூன்று மணி நேரத்தில் முப்பது கணக்குகள். விடை 0 முதல் 99 வரையிலான ஒரு முழு எண். நீங்கள் எப்படிப் போட்டீர்கள் என்று அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

மூன்றாவது, தவறு எந்த வாசல் வழியாக நுழைகிறது, நுழைந்ததும் கண்ணில் படுகிறதா என்பது. நான்காவது, சதுரம் நேராக உட்காராமல் சாய்ந்து நின்றாலும் அந்த வழி நடக்குமா என்பது. ஐந்தாவதாக எனக்கு முக்கியமாகப்படுவது ஒன்று உண்டு. விடை கிடைத்த பிறகு, ஏன் அப்படி என்று அந்த வழி சொல்கிறதா? இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் சேர்த்திருக்கிறேன்.

சோதனைக்கு மூன்று புதிர்களை எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றிலும் முக்கோணத்தின் பக்கம் 10 செ.மீ., உயரம் 5√3, அதாவது 8.66 செ.மீ.

முதல் புதிர்: மேலே சொன்ன ஒற்றைச் சதுரம்.
இரண்டாம் புதிர்: அடிப்பக்கத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு சமமான சதுரங்கள், வெளிப்புற மேல் முனைகள் பக்கங்களைத் தொடுகின்றன.
மூன்றாம் புதிர்: ஒரு முனையை மட்டும் அடிப்பக்கத்தில் ஊன்றிச் சாய்ந்து நிற்கும் சதுரம், அதன் இடமுனை இடப்பக்கத்தையும் வலமுனை வலப்பக்கத்தையும் தொடுகின்றன. நான்காவது முனை உள்ளே எங்கோ அந்தரத்தில் நிற்கிறது.

## வடிவொத்த முக்கோணங்கள்

நான்கு வரித் தாளின் வழி இதுதான். சதுரத்தின் மேற்பக்கம் அடிப்பக்கத்துக்கு இணை. ஆகவே அது உச்சியில் வெட்டும் சிறு முக்கோணம் பெரிய முக்கோணத்துக்கு வடிவொத்தது. சதுரத்தின் பக்கம் ச என்றால், சிறு முக்கோணத்தின் அடி ச, உயரம் 8.66 − ச. எனவே

ச / 10 = (8.66 − ச) / 8.66

இதிலிருந்து ச = 10 × 8.66 / (10 + 8.66) = 4.64. சொல்லாக வைத்துக்கொண்டால் மறக்காது: அடியையும் உயரத்தையும் பெருக்கி, அடியையும் உயரத்தையும் கூட்டியதால் வகு.

இரண்டாம் புதிரிலும் மாற்றம் அதிகமில்லை. மேற்பக்கத்தின் நீளம் 2ச. அதை அதே விகிதத்தில் போட்டால் 3.17 வந்துவிடும். தேவையான முன்னறிவு தேல்ஸ் தேற்றம் மட்டுமே: முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும். எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் எல்லோரிடமும் அது இருக்கும்.

இதன் மறைவான செலவு கண். ‘5 செ.மீ.’ எழுதிய பையன் படத்தில் சதுரத்தின் மேல் முனைகளைப் பக்கங்களின் நடுப்புள்ளிகளில் வைத்துவிட்டான். 4.64-க்கும் 5-க்கும் கையால் வரைந்த படத்தில் வித்தியாசம் தெரியாது. நடுப்புள்ளிகள் என்றால் அகலம் 5, உயரம் 4.33, அது சதுரமே இல்லை, செவ்வகம். ஆனால் அவன் தவறிலும் ஒரு சுவை இருக்கிறது. அந்த 5 × 4.33 செவ்வகம்தான் இந்த முக்கோணத்துக்குள் வரையக்கூடிய மிகப் பெரிய பரப்புள்ள செவ்வகம். சரியாக முக்கோணத்தில் பாதி. இதைச் சொன்னதும் அவன் முகம் தெளிந்தது. மதிப்பெண் மட்டும் பூஜ்யம்தான்.

அடுத்த செலவு, கோட்டைத் தேடுவது. முதல் இரண்டு புதிர்களில் சதுரத்தின் மேற்பக்கமே இணைகோடாக அமைந்து இலவசமாக உதவுகிறது. மூன்றாம் புதிரில் எந்தப் பக்கமும் எதற்கும் இணை இல்லை. வடிவொத்த முக்கோணம் மட்டுமே கையில் உள்ள பிள்ளை அங்கே பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு துணைக்கோடு தேவை. அது எங்கே என்று படம் சொல்லாது.

## மூலைமட்டம், அதாவது முக்கோணவியல்

ஜியாமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டங்கள் கிடக்கும். ஒன்று 45, 45, 90. மற்றது 30, 60, 90. பெரும்பாலான பிள்ளைகள் நேர்க்கோடு போடுவதற்கும் பக்கத்திலிருப்பவனைக் குத்துவதற்கும் மட்டுமே அவற்றை எடுக்கிறார்கள். முதல் புதிரின் படத்தில் சதுரத்தின் இருபுறமும் மிஞ்சும் துண்டுகளைப் பாருங்கள். இரண்டும் அந்த 30, 60, 90 மூலைமட்டமேதான். அதன் பக்கங்கள் 1 : √3 : 2 என்ற விகிதத்தில் இருக்கும். சதுரத்தின் பக்கம் அதில் √3 பங்கு என்றால், தரையில் கிடக்கும் பக்கம் 1 பங்கு, அதாவது ச/√3. அடிப்பக்கத்தை இடமிருந்து வலமாக நடந்தால்

ச/√3 + ச + ச/√3 = 10

முடிந்தது. ச = 10 × (2√3 − 3) = 4.64. டேன்ஜெண்ட் என்ற பெயரே தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதை மூலைமட்டத்தைக் கையில் கொடுத்து விளக்கிவிடலாம். பெயர் தெரிந்தவர்கள் 60 பாகையின் டேன்ஜெண்ட் √3 என்று எழுதிக்கொள்ளட்டும். (சைன் என்ற சொல்லே வில்நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’ என்னும் நம் நாட்டுச் சொல் அரபு வழியாக லத்தீனுக்குப் போய் உருமாறித் திரும்பியதுதான். ஆரியபட்டர் 499-இலேயே அதற்கு அட்டவணை கொடுத்துவிட்டார்.)

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு சதுரம் நின்றால் நடுவில் 2ச, மூன்று நின்றால் 3ச. எத்தனை சதுரம் வரிசையாக நின்றாலும், 10-ஐ (எண்ணிக்கை + 2/√3), அதாவது (எண்ணிக்கை + 1.1547) ஆல் வகுத்தால் பக்கம் கிடைத்துவிடும். இரண்டுக்கு 3.17, மூன்றுக்கு 2.41, நான்குக்கு 1.94.

தவறு நுழையும் வாசல் ஒன்றே ஒன்று. ஆனால் அகலமான வாசல். 30-ஐயும் 60-ஐயும் மாற்றிப்போட்டு ச/√3 எழுத வேண்டிய இடத்தில் ச√3 எழுதிவிடுவார்கள். அப்போது 2.24 வரும். படத்தில் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய பாதியைப் பிடித்திருக்கும் சதுரம் 2.24 செ.மீ. எப்படி ஆகும் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் தவறு பிடிபடும். கேட்டுக்கொள்கிறவர்கள் குறைவு.

இன்னொரு செலவு, பகுதியில் இருக்கும் மூலக்குறியை நீக்குவது. √3/(√3 + 2) என்று வந்து நிற்கும் பின்னத்தை 2 − √3 ஆல் மேலும் கீழும் பெருக்கினால் கீழே 1 ஆகிவிடுகிறது. ஆனால் அந்த ஒரு படியில் வழுக்கி விழுகிறவர்களை வாரம் இருவராவது பார்க்கிறேன். பள்ளித் தேர்வில் அதற்கு அரை மதிப்பெண் போகும். முழு எண் கேட்கும் தேர்விலோ ‘விடை அ√ஆ − இ என்றால் அ + ஆ + இ எவ்வளவு’ என்று கேட்பார்கள். மூலக்குறியைச் சரியாக நீக்காதவருக்கு 2 + 3 + 3 = 8 கிடைக்கவே கிடைக்காது.

## பரப்பைக் கூட்டுவது

முக்கோணத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பரப்புகளைக் கூட்டி, மொத்தத்துக்குச் சமப்படுத்துவது. முதல் புதிருக்கு இது சுற்றுவழி. ச-வின் வர்க்கத்தில் ஒரு சமன்பாடு வரும். அது அழகாக முழுவர்க்கமாக அமைந்து கடைசியில் மூலைமட்டத்தின் விடைக்கே கொண்டுவந்து விடும். அந்த முழுவர்க்கத்தைக் கண்டுகொள்ளாதவர்கள் இருபடிச் சூத்திரத்தைப் போட்டு அரைப்பக்கத்தை வீணாக்குவார்கள்.

கேள்வி பரப்பைப் பற்றியதாக இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வேலை உண்டு. ஒற்றைச் சதுரம் முக்கோணத்தில் 49.74 விழுக்காட்டை அடைக்கிறது. பாதிக்கு மயிரிழை குறைவு. இரண்டு சதுரங்கள் சேர்ந்து 46.41 விழுக்காடு. இந்த எண்ணை வேறெங்கோ பார்த்திருக்கிறீர்கள். ஒற்றைச் சதுரத்தின் பக்கம் முக்கோணத்தின் பக்கத்தில் 46.41 விழுக்காடு. ஒன்று நீளங்களின் விகிதம், மற்றது பரப்புகளின் விகிதம். ஆனாலும் இரண்டுமே 2√3 − 3. போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

## ஆயத்தொலைகள்

ஒன்றரைப் பக்கத் தாளின் வழி. பிரெஞ்சு அறிஞர் தெகார்த் 1637-இல் வெளியிட்ட கருத்து: படத்தை எண்களாக்கு, பிறகு படத்தை மறந்துவிடு. முதல் இரண்டு புதிர்களுக்கு இது கொசுவை அடிக்க உலக்கை எடுப்பது. அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. மூன்றாம் புதிரில் கதை மாறுகிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முக்கோணத்தின் இடமூலையை (0, 0) என்றும் வலமூலையை (10, 0) என்றும் வைப்போம். இடப்பக்கத்தில் உள்ள எந்தப் புள்ளிக்கும் உயரம் = √3 × கிடைத்தூரம். வலப்பக்கத்தில் உயரம் = √3 × (10 − கிடைத்தூரம்).

சதுரத்தின் அடிமுனை இடமூலையிலிருந்து ப தூரத்தில் ஊன்றி நிற்கட்டும். சாய்வுக் கோணத்தைக் குறிக்க சைனும் கொசைனும் வேண்டாம். அடிமுனையிலிருந்து வலமுனைக்குப் போக க அளவு வலப்புறம், உ அளவு மேலே என்று வைத்துக்கொள்வோம். சதுரத்தின் அடுத்த பக்கம் இதற்குச் செங்குத்து. ஆகவே இடமுனைக்குப் போக உ அளவு இடப்புறம், க அளவு மேலே. இந்த ஒரு வரியில்தான் மொத்தக் கணக்கும் இருக்கிறது. முனைகள்:

வலமுனை (ப + க, உ)
இடமுனை (ப − உ, க)
நான்காம் முனை (ப + க − உ, க + உ)

வலமுனை வலப்பக்கத்தில் இருப்பதால் உ = √3 (10 − ப − க). இடமுனை இடப்பக்கத்தில் இருப்பதால் க = √3 (ப − உ). இரண்டையும் கூட்டினால் ப கழன்று விழுந்துவிடுகிறது:

க + உ = √3 (10 − க − உ)

அதாவது க + உ = 6.34. சதுரம் எப்படிச் சாய்ந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. நான்காம் முனையின் உயரமும் இதே க + உ என்பதைக் கவனியுங்கள். சதுரத்தை இடமும் வலமுமாக எவ்வளவு ஆட்டினாலும், மூன்று முனைகள் தத்தம் பக்கங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை, உச்சி முனை தரையிலிருந்து 6.34 செ.மீ. உயரத்திலேயே படுகிடையாக நகர்ந்துகொண்டிருக்கும். இதை முதல் முறை பார்த்தபோது கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று பிள்ளைகளிடம் ஒருமுறை, எனக்கே ஒருமுறை சொன்னேன்.

சதுரத்தின் பரப்பு பிதாகரஸ் தேற்றப்படி க² + உ². கூட்டுத்தொகை நிலையாக இருக்கும்போது இது மிகச் சிறிதாவது க-வும் உ-வும் சமமாகும்போது. ஆளுக்கு 3.17. அப்போது சதுரம் பட்டம்போல் நேராக நிற்கும், பக்கம் 4.48. இரண்டும் வேறுபட வேறுபடச் சதுரம் பெரிதாகும்.

எவ்வளவு பெரிதாகும்? இந்த வழியின் மறைவான செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. க = 5, உ = 1.34 என்று போட்டால் பக்கம் 5.18 என்று சமன்பாடு கூசாமல் சொல்கிறது. ஆனால் அப்போது நான்காம் முனை (7.89, 6.34)-இல் இருக்கிறது. அந்த உயரத்தில் முக்கோணத்தின் வலப்பக்கமோ 6.34 கிடைத்தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. சதுரத்தின் மண்டை ஒன்றரை செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ‘உள்ளே’ என்ற சொல் சமன்பாட்டுக்குத் தெரியாது. அதை நாம்தான் தனியாகச் சோதிக்க வேண்டும். சோதித்தால் சாய்வு 30 பாகைக்குக் குறையவோ 60 பாகையைத் தாண்டவோ கூடாது என்று வருகிறது. சரியாக 30 பாகையில் பக்கம் 4.64. அந்த நிலையில் சதுரம் வலப்பக்கத்தின்மேல் முழுதாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது. முதல் புதிரின் சதுரமேதான், வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாய்ந்த சதுரங்கள் எதுவும் உட்கார்ந்த சதுரத்தை மிஞ்சவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் சாய்ந்த சதுரத்துக்கு ஆயத்தொலைதான் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். பாகூரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நேர்க்கோட்டின் சமன்பாடு இன்னும் படிக்காதவள், மறுநாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சதுரத்தின் இடமுனையிலிருந்தும் வலமுனையிலிருந்தும் அடிப்பக்கத்துக்கு இரண்டு செங்குத்துகள் இறக்கியிருந்தாள். அவ்வளவுதான். நடுவில் இரண்டு சர்வசம முக்கோணங்கள், ஓரங்களில் இரண்டு மூலைமட்டங்கள். அடிப்பக்கத்தை நடந்தால்

க/√3 + உ + க + உ/√3 = 10

க + உ = 6.34. ஆயத்தொலையில் பலகை முழுக்க எழுதியது ஒரே வரியாகிவிட்டது. கோடு எங்கே என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “நீங்கள் எழுதியதில் உயரம், கிடைத்தூரம் என்று வந்ததே சார், அதைத்தான் வரைந்தேன்” என்றாள்.

அவள் படத்திலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. அதே முக்கோணத்தில் க பக்கமுள்ள ஒரு சதுரத்தையும் உ பக்கமுள்ள ஒரு சதுரத்தையும் ஒட்டி நிறுத்தினால் அவையும் அடிப்பக்கத்தைச் சரியாக நிரப்புகின்றன. அதே நான்கு துண்டுகள், வேறு வரிசை. ஆக, சாய்ந்த ஒவ்வொரு சதுரத்துக்கும் ஈடாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடியின் மொத்தப் பரப்பு சாய்ந்ததன் பரப்புக்குச் சமம். இரண்டாம் புதிரின் 3.17 பட்டச் சதுரத்தில் தலைகாட்டியதற்குக் காரணமும் இதுதான்.

## வரைந்து பார்ப்பது

கணக்கே போடாமல் சதுரத்தை வரைந்துவிடும் ஒரு பழைய தந்திரம் உண்டு. அடிப்பக்கத்தில், இடப்பக்கத்தை ஒரு முனை தொடும்படி ஒரு குட்டிச் சதுரத்தை வரையுங்கள். எந்த அளவானாலும் சரி. முக்கோணத்தின் இடமூலையிலிருந்து குட்டிச் சதுரத்தின் வல மேல் முனை வழியாக ஒரு கோட்டை நீட்டுங்கள். அது வலப்பக்கத்தை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் உண்மையான சதுரத்தின் முனை. குட்டியை ஊதிப் பெரிதாக்கியதுபோல. சில்வர் பீச் மணலில் குச்சியும் கயிறும் வைத்து இதைச் செய்துகாட்டியிருக்கிறேன், அளவுகோல் தேவைப்படவில்லை. எந்த முக்கோணத்துக்கும் இது நடக்கும்.

ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் ஆய்வேடாகத் தொடங்கியது. இலவசம். நம் மாநிலப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளிலும் அது வருகிறது. மூன்றாம் புதிரை அதில் வரைந்து, சதுரத்தை ஆட்டி, நான்காம் முனை போகும் தடத்தைப் பதியச் சொன்னால் திரையில் ஒரு கிடைக்கோடு விழும். சமன்பாடு எழுதி நான் கண்டதை ஏழாம் வகுப்புப் பிள்ளை அரை நிமிடத்தில் கண்டுவிடும். ஏன் கிடைக்கோடு என்று மட்டும் திரை சொல்லாது. 4.64 என்று காட்டும். 2√3 − 3 என்ற சரியான எண் பின்னால் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகலாம். தேர்வு அறைக்குள் கைபேசியும் கிடையாது. வீட்டில் கைபேசியைக் கையில் கொடுத்தால் ஜியோஜீப்ரா எத்தனை நிமிடம் திரையில் இருக்கும் என்பதைப் பெற்றோர் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | முன்னறிவு | உட்கார்ந்த சதுரம் | சாய்ந்த சதுரம் | தவறு நுழையும் இடம் |
|---|---|---|---|---|
| வடிவொத்த முக்கோணம் | தேல்ஸ் தேற்றம் | நான்கு வரி | துணைக்கோடு கிடைக்காமல் நின்றுவிடும் | படத்தைக் கண்ணால் நம்புவது |
| மூலைமட்டம் | 1 : √3 : 2 விகிதம் | இரண்டு வரி | செங்குத்துகள் இறக்கினால் ஒரு வரி | 30, 60 இடமாற்றம், மூலக்குறி நீக்கம் |
| பரப்பு | பரப்புச் சூத்திரங்கள், இருபடிச் சமன்பாடு | சுற்றுவழி | ஏற்றதல்ல | முழுவர்க்கத்தைக் காணாமல் விடுவது |
| ஆயத்தொலை | நேர்க்கோட்டின் சமன்பாடு | ஒரு பக்கத்துக்கு மேல் | உறுதியாகக் கரை சேர்க்கும் | உள்ளே இருக்கிறதா என்று பார்க்காதது |
| வரைந்து பார்ப்பது | எதுவும் வேண்டாம் | துல்லியமான படம் | அருமையான துப்பு | தோராயத்தை விடை என்று எழுதுவது |

## யாருக்கு எது

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு, எந்த ஊரானாலும், மூலைமட்டத்தையே கொடுப்பேன். பாடத்திட்டம் அதற்கு முக்கோணவியல் என்று பெயர் வைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெட்டியிலிருந்து எடுத்துப் படத்தின்மேல் வைத்தால் போதும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முன்னிட்டுப் பழகுகிறவர் வடிவொத்த முக்கோணத்தைப் படிப்படியாக எழுதட்டும். காரணம் காட்டி எழுதும் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் விழும். மூலைமட்டத்தால் ஓரத்தில் விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வழிகள் என்பதால் ஒரே தவறு இரண்டிலும் நுழைவது அரிது.

ஒலிம்பியாட் பக்கம் போகிறவர்களுக்கு என் யோசனை கொஞ்சம் வேறு. கடிகாரம் ஓடும்போது துணைக்கோட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மூன்று நிமிடம் பாருங்கள். கிடைக்காவிட்டால் க, உ என்று எழுதி ஆயத்தொலையில் இறங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, சமன்பாட்டில் எந்த எழுத்து கழன்று விழுந்தது, எந்தக் கூட்டல் தானாக அமைந்தது என்று பார்த்து, அதையே படத்தில் கோடாகப் போட முயலுங்கள். பாகூர்ப் பெண் செய்தது அதுதான். அதற்கு அவளுக்கு ஓர் இரவு தேவைப்பட்டது; தேர்வில் ஓர் இரவு கிடைக்காது.

பரப்பு வழியைத் தனியாகப் பழகச் சொல்லமாட்டேன்.

## முக்கோணம் மாறிவிட்டால்

சமபக்கம் என்பது வினாத்தாள் தயாரிப்பவர் நமக்குத் தரும் சலுகை. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் எந்த வழி தாங்கும்? மூலைமட்டம் உடனே உடைந்துவிடும். ஓரத் துண்டுகள் 30, 60, 90 ஆக இருக்காது. க + உ மாறாது என்ற அதிசயம் இருசமபக்க முக்கோணம்வரை தாங்குகிறது, எண் மட்டும் மாறும். அடிக்கோணங்கள் இரண்டும் வேறுபட்டால் அதுவும் போய்விடும். வடிவொத்த முக்கோணத்தின் ‘பெருக்கி, கூட்டியதால் வகு’ மட்டும் எந்த முக்கோணத்திலும் அசையாமல் நிற்கிறது. சதுரம் உட்காரும் பக்கத்தின் அடிக்கோணங்கள் 90 பாகையைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

சென்ற வாரம் இதைச் சோதிக்க 3, 4, 5 செ.மீ. செங்கோண முக்கோணத்தைக் கொடுத்தேன். சமபக்க முக்கோணத்தின் மூலையில் 60 பாகைதான் இடம். சதுரத்தின் 90 பாகை மூலை அங்கே நுழையவே நுழையாது. செங்கோண முக்கோணத்தின் ஒரு மூலையிலோ அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே இரண்டு வகைச் சதுரங்கள்: செங்கோண மூலையில் பொருந்தி நிற்பது ஒன்று, கர்ணத்தின்மேல் உட்கார்வது ஒன்று. மூலையில் நிற்பதற்கு அடி 4, உயரம் 3 என்று வைத்தால் பக்கம் 12/7. கர்ணத்தில் உட்கார்வதற்கு அடி 5, உயரம் 2.4, பக்கம் 12/7.4, அதாவது 60/37. எது பெரியது என்று கேட்டதும் இரண்டு பேர் தசமத்தில் வகுக்க ஆரம்பித்தார்கள். முன்பு ‘பார்த்தாலே தெரிகிறதே’ என்றவன் மட்டும் 12/7-ஐ 60/35 என்று மாற்றி எழுதிவிட்டுப் பேனாவை மூடினான்.